தலைகீழ் விளக்குமாறு

பூர்வொரெஜோ
ஜனவரி 19, 1987

பிரப்தோ,

நல்லா இருக்கியான்னு கேக்க இன்னிக்கு மனசு வரலை. நல்லாத்தான் இருப்பே. பத்திரிகையில உன் மூஞ்சி பல்லைக் காட்டிட்டு நிக்குதே, அதைப் பார்த்தாலே தெரியுது.

அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினது கோழிக்கடை யாத்மி. சந்தையில சோயாவைப் புளிக்க வெச்சு தெம்பே விக்கிற என் கடைக்கு நேர் எதிர்க்கடை. அவ வாயைப் பத்தி உனக்கே தெரியும். எனக்காகப் படிக்கிற மாதிரி ஊருக்கே கேக்கும்படி படிச்சா. "தலைகீழ் விளக்குமாறு படம் ஜகார்த்தாவில் வெற்றிநடை போடுகிறது. ஆனால் படம் முழுக்கத் தேடினாலும் ஒரு விளக்குமாறு கூட இல்லையே, ஏன்? தலைப்பின் மறைபொருளைச் சரியாகச் சொல்லும் வாசகருக்குக் கலர் டிவி. சரியான விடையைக் கதாசிரியர் பிரப்தோவே பிப்ரவரி கடைசி இதழில் சொல்வார்."

படிச்சு முடிச்சுட்டு என்னைப் பார்த்து, "லாஸ், நீ ஒரு கார்டு எழுதிப் போடேன்டி. டிவி உனக்குத்தான்"ன்னா. மீன்காரங்க, தேங்காக்காரங்க, எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம வேற என்ன பண்றது? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு அழுதேன்.

தெரியாமத்தான் கேக்கறேன், உனக்கு மறந்துபோச்சா? நம்ம தெரு தார்மி கல்யாணம். அந்த வருஷம் பெசார் மாசம் மழைக்காலத்துல வந்துது, வானம் கறுத்துக் கிடக்கு. மழை வராம இருக்க ஒரு கன்னிப் பொண்ணு குத்தணும்னு ஈர்க்கு விளக்குமாறையும் மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் என் கையில குடுத்தாங்க. ஒவ்வொரு ஈர்க்கு நுனியிலயும் குத்தி, விளக்குமாறைக் கவுத்து முற்றத்துல நட்டேன். மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கல, கொட்டுச்சு பாரு ஒரு மழை! பந்தல் சாஞ்சுது, சோத்துக்குள்ள தண்ணி. அப்போ யாரோ ஒரு ஆம்பளை, "அப்போ குத்தினவ கன்னி இல்லைபோல"ன்னான். அவ்வளவுதான். கெபுமென்லேருந்து என்னைப் பொண்ணு கேட்டுட்டிருந்தவங்க அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரலை. பத்தொன்பது வயசு எனக்கு. பதினஞ்சு வருஷமாச்சு, இன்னும் ஒரு தூறல் விழுந்தா சந்தையில "லாஸ் மிளகாய் எடுத்துட்டா போல"ன்னு ஒருத்தியாவது சொல்றா.

இப்போ இதையும் கேட்டுக்கோ. குத்தோஆர்ஜோவுல தர்சோனோன்னு ஒருத்தர், பள்ளிக்கூட குமாஸ்தா. சம்சாரம் தவறி மூணு வருஷமாச்சு. வீட்ல அவரும் அவர் அம்மாவும்தான், ஆனா வாராவாரம் வந்து பத்து பேருக்கு தெம்பே வாங்கிட்டுப் போறாரு. மார்ச்சுல வர்ற ரெஜப் மாசம் அம்மாவைக் கூட்டிட்டு வந்து முறையாக் கேக்கறேன்னிருக்காரு. பழைய கதை அந்த ஊருக்குப் போகலை. நீ பத்திரிகையில எழுதினா போயிடும். எனக்கு முப்பத்தினாலு வயசு. இதுவும் போனா இன்னொண்ணு வராது.

அதனால உன் மறைபொருளை மறைச்சே வெச்சுக்கோ. டெலிபோன்ல சொல்லலாம்னு தபாலாபீஸ் போனேன். வரிசையில எனக்குப் பின்னாடி யாத்மியோட மருமக நிக்கறா. திரும்பி வந்துட்டேன்.

சுலாஸ்திரி


ஜகார்த்தா
ஜனவரி 28, 1987

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கோபப்படுவது நியாயமே. ஆனால் என் தரப்பையும் தாங்கள் அமைதியாகக் கேட்க வேண்டும்.

அந்தத் தலைப்பு தங்களைக் கேலி செய்ய வைத்ததல்ல. படத்தில் ஊர்த்தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை மாற்றி அழைத்துவந்துவிடுகிறார்கள். தவறு செய்தது ஊர், பழியோ ஒரு பாவமும் அறியாத சமையல்காரி மேல். அந்தச் சமையல்காரியை எழுதும்போதெல்லாம் எனக்குத் தங்கள் முகம்தான். அதனால்தான் அந்தப் பெயர். தெரிந்தவருக்குத் தெரியட்டும், தெரியாதவர் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். போட்டி வைத்தது பத்திரிகைக்காரரும் தயாரிப்பாளரும். நான் அல்ல.

வந்து குவிந்த விளக்கங்களைப் பார்த்தால் தாங்களே சிரிப்பீர்கள். மேடானில் ஒரு பல் வைத்தியர், விளக்குமாறு என்பது கதாநாயகனின் தலைமுடி என்கிறார். சுரபாயாவில் ஒரு மாணவன், மனித வாழ்வே தலைகீழாக நிற்பதைக் குறிக்கிறது என்று ஏழு பக்கம் எழுதியிருக்கிறான். நானே அதைப் படித்து வியந்துபோனேன்.

ஆனால் ஒருவன், மேலே இருப்பவர்களைக் கீழே தள்ளிப் பெருக்குவதுதான் மறைபொருள் என்று எழுதிவிட்டான். அதற்கு மறுவாரம் ஓர் அரசாங்க ஆபீஸிலிருந்து சட்டை மடிப்புக் கலையாத இரண்டு பேர் வந்து, காபி குடித்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "அர்த்தம் என்ன சார்?" என்று கேட்டார்கள். பத்திரிகை ஆசிரியரும் உடன் இருந்தார். பயத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஒன்றுமில்லை, எங்கள் ஊரில் ஒரு பெண் இருக்கிறாள், மழையை நிறுத்த மிளகாய் குத்தினாள் என்று ஆரம்பித்து முழுவதும் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆசிரியர், "இதைத்தான் போடப் போகிறேன்" என்றார்.

பெயர் இல்லாமல்தான் வரும். அதனால் தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பிரப்தோ


பூர்வொரெஜோ
பிப்ரவரி 5, 1987

டேய்,

என்னிக்கு நான் உனக்குத் 'தாங்கள்' ஆனேன்? உன் மூக்கைத் தொடச்சுவிட்டவ நான். மனசுல குத்தம் இருக்கறவன்தான் இப்படி மரியாதையாப் பேசுவான்.

பேரு சொல்லலையாம்! உன் போட்டோவுக்குக் கீழயே பூர்வொரெஜோக்காரர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இந்த ஊர்ல மழைக்கும் மானத்துக்கும் முடிச்சுப் போட்டு வெச்சிருக்கிற பொம்பளை எத்தனை பேருடா?

நீ பயந்தே, சரி. அந்த மாதிரி ஆளுங்க வந்தா நானும் பயந்திருப்பேன். ஆனா பயந்தவன் கையில கிடைச்சது அக்கா மானம்தானா? உனக்கு வேற பொய்யே தோணலையா? கதை எழுதறவன்தானேடா நீ?

அவங்க சிரிச்சப்போ உனக்கும் உள்ளுக்குள்ள குஷியா இருந்திருக்கும். இல்லைன்னு சொல்லு பார்ப்போம்.

இன்னொண்ணு சொல்றேன். இதைப் படிச்சுட்டு அடுப்புல போட்டுடு. ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லிட்டுத் திரியற உன் தலைப்புக்கு என்ன அர்த்தம்னு உனக்கே தெரியாது.

அன்னிக்கு மிளகாய் குத்த வேண்டியது நான் இல்லை. அந்த வேலை கல்யாணப் பொண்ணோட தங்கச்சிக்குத்தான் உரியது. வகினிக்கு. தார்மியோட அம்மா அவ கையிலதான் முதல்ல குடுத்தா. வகினி, "விரல்ல வெட்டுக்காயம், மிளகாய் எரியும்"னா. நான் அவ பக்கத்துல உக்காந்து தேங்கா துருவிட்டிருக்கேன். விரலைப் பார்த்தேன். ஒரு கீறல் கூட இல்லை. மூஞ்சியைப் பார்த்தேன், வெளுத்துப் போயிருக்கு. என்கிட்ட மட்டும் கேக்கற மாதிரி, "அக்கா, மழை வந்துட்டா என்ன பண்ணுவாங்க?"ன்னா. புரிஞ்சுபோச்சு. யாரு, எப்போன்னு நான் கேக்கலை. அவளும் சொல்லலை. "இங்க குடுங்க பெரியம்மா, நான் குத்தறேன்"னு வாங்கிட்டேன். எனக்கு என்ன பயம்? நான் சுத்தமா இருக்கேன், மழை வராதுன்னு நினைச்சேன். அவ்வளவு அசடு நான்.

வகினி இப்போ கர்யோ சம்சாரம், மூணு குழந்தைங்க. பதினஞ்சு வருஷமா என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கறா. சிரிக்கிறவங்களோட அவ ஒரு நாளும் சேர்ந்து சிரிச்சதில்லை.

நீ சொல்ற அர்த்தம் அச்சாச்சுன்னா என் பொழப்பு போச்சு. நான் சொல்ற அர்த்தம் வெளியே வந்தா அவ குடும்பம் போச்சு. ரெண்டும் வேணாம். கடைசி இதழுக்கு இன்னும் நாள் இருக்கு. ஏதாவது பண்ணு. பண்ண முடியலைன்னா எனக்குக் கடுதாசி எழுதாதே, ரம்ஜானுக்கு வீட்டுக்கும் வராதே.

லாஸ்


ஜகார்த்தா
பிப்ரவரி 27, 1987

அக்கா,

உன் காகிதத்தை எரிச்சுட்டேன். எரிக்கறதுக்கு முன்னாடி நாலு தடவை படிச்சேன்.

நீ சொன்னது சரி. அவங்க சிரிச்சப்போ எனக்கு சந்தோஷமாத்தான் இருந்தது. பயம் விட்ட சந்தோஷம்னு என்னை நானே ஏமாத்திட்டிருந்தேன். அது மட்டுமில்லை. நல்லாக் கதை சொல்லிட்டோம்கிற சந்தோஷமும் இருந்தது. மாப்பிள்ளை இறங்கறதுக்குள்ள மழை கொட்டினதை நடிச்சு வேற காட்டினேன், அக்கா. அந்த ஆம்பளை சொன்னதை அவன் குரல்லயே சொன்னேன். இதை எழுதவே கூசுது.

ஆசிரியர்கிட்டப் போனேன். "அந்தக் கதையைப் போடாதீங்க"ன்னேன். "அப்போ என்னத்தைப் போடறது? நாடே காத்திருக்கு"ன்னாரு. "அர்த்தமே இல்லைன்னு போடுங்க"ன்னேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கற மாதிரி பார்த்தாரு. அப்புறம், ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கற கதை ஒண்ணு தர்றேன்னேன், ஒத்துக்கிட்டாரு.

இதழ் நேத்து வந்துடுச்சு. உனக்குக் கிடைச்சிருக்கும், யாத்மி இருக்கும்போது என்ன கவலை. ஒரு பக்கம் முழுக்க நான் அசடு வழியற போட்டோ. "கதாசிரியர் ஒப்புதல்: தலைப்பு என்னுடையதே அல்ல!" போஸ்டர் வரையறவரு வேற ஒரு படத்தோட பேரை எங்க படத்துக்கு மாத்தி எழுதிட்டாரு, அதைத் திருத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அப்புறம் எல்லாரும் ஆழமான பேருன்னு பாராட்டினதும் நானும் ஆமாம்னு தலையாட்டிட்டேன். இப்படித்தான் சொல்லியிருக்கேன். அந்தப் போஸ்டர்காரர் நல்ல மனுஷன், பாவம், அவர் வீட்டுக்குப் போய் முன்கூட்டியே கேட்டுட்டுத்தான் சொன்னேன். "என் பேரு போடாத வரைக்கும் எனக்கென்ன"ன்னுட்டாரு. டிவி குலுக்கல்ல பல் வைத்தியருக்குப் போச்சு.

தயாரிப்பாளர் என்னோட பேசறதில்லை. அடுத்த படத்துக்கு வேற ஆளைப் பார்க்கறாராம். டீக்கடையில நான் உக்காந்தா, "சார், இது டீயா காபியா? மறைபொருள் என்ன?"ன்னு கேக்கறானுங்க. அந்த ஆபீஸ்காரங்க மறுபடி வரலை. முட்டாளைப் பார்த்து யாரு பயப்படுவாங்க?

ஏழு நாளைக்கு மேல என்னைப் பத்தி எவனும் பேசமாட்டான், எனக்குத் தெரியும். நீ பதினஞ்சு வருஷம் கேட்டிருக்கே. இந்தப் பொய்யை அவங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேன்னு நினைச்சா உன் மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்யதை இல்லை.

ஒரு கெட்ட சேதி. படத்தைத் திறந்தவெளித் திரைக்காரங்க வாங்கிட்டாங்க. மார்ச்சுல நம்ம ஊர் மைதானத்துக்கு வருது. தடுக்கப் பார்த்தேன், என் பேச்சை யாரு கேக்கறா? அன்னிக்கு நீ கடையைச் சாத்திட்டு வீட்லயே இருந்துடு.

வகினி அக்கா சேதி என்னோட போகும்.

பிரப்தோ


பூர்வொரெஜோ
மார்ச் 16, 1987

தம்பி,

வீட்ல இருந்துடலாம்னுதான் இருந்தேன். எங்கே விட்டாங்க? தர்சோனோவோட அம்மா, மர்தோ அம்மாவுக்கு, சிரிப்புப் படம்னா உயிராம். "சம்பந்தி வீட்டுப் பையன் எழுதினது, நான் பார்க்காம வேற யாரு பார்ப்பா?"ன்னு குதிரை வண்டி பேசிக்கிட்டு, பாய் சகிதம் வாசல்ல வந்து இறங்கிட்டாங்க. உன் பேட்டியைக் கூட வந்த தர்சோனோவும் படிச்சிருக்காரு. "தப்பா நினைக்காதீங்க, உங்க தம்பி நிஜமாவே இவ்வளவு அசடா?"ன்னு கேட்டாரு. ஆமாம்னேன். சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவர் நான் உனக்காக வெக்கப்படறேன்னு நினைச்சு, பேச்சை மாத்திட்டாரு.

மைதானம் நிறைஞ்சு கிடக்கு. பொழுது சாயற நேரம், மேற்கே வானம் கறுத்துட்டு வருது. திரைக்காரன் லாரியிலேருந்து ஒரு ஈர்க்கு விளக்குமாறை எடுத்துட்டு வந்தான். ஒரு தட்டுல மிளகாய், வெங்காயம். "கல்யாணமாகாத பொண்ணு யாராவது வாங்கம்மா, சீக்கிரம்!"னு ஒலிபெருக்கியிலேயே கூப்பிட்டான். நான் பாயில இன்னும் ஒடுங்கி உக்காந்தேன்.

எங்கேயோ பின்னாடிலேருந்து ஒரு குரல். "லாஸ் கையில மட்டும் குடுத்துடாதீங்கப்பா, நாங்க படம் பார்க்கணும்!"

மைதானமே சிரிச்சுது, பிரப்தோ. சின்னப் பசங்க கூட சிரிச்சாங்க, அவங்க பொறக்கறதுக்கு முன்னாடி நடந்ததுக்கு. மர்தோ அம்மா, "எதுக்குடி சிரிக்கறாங்க? சொல்லேன், நானும் சிரிக்கறேன்"ன்னாங்க. தர்சோனோ என்னையும் பார்க்கறாரு, கூட்டத்தையும் பார்க்கறாரு. அப்படியே பூமி பிளந்து உள்ளே போயிடலாம்போல இருந்தது.

அப்போ நாலு வரிசை முன்னாடி வகினி எழுந்து நின்னா. இடுப்புல கடைசிக் குழந்தை. பக்கத்துல அவ புருஷன் கர்யோ வேர்க்கடலை உரிச்சுட்டிருக்காரு. அவ திரும்பி என்னைப் பார்த்தா. அன்னிக்கு இருந்த அதே வெளுத்த மூஞ்சி. சொல்லப் போறான்னு தெரிஞ்சுபோச்சு. உதடு கூடப் பிரிஞ்சுது.

நான் ஓடினேன். பாயை மிதிச்சு, காலை மிதிச்சு, திட்டு வாங்கிட்டு ஓடினேன். திரைக்காரன் கையிலேருந்து விளக்குமாறைப் பிடுங்கினேன். "நான்தான் குத்துவேன்"னேன். அவன் ஒலிபெருக்கியை அணைக்கலை போலிருக்கு, ஊருக்கே கேட்டுச்சு. வகினி உக்காந்துட்டா.

ஒவ்வொண்ணா குத்தினேன். யாரும் சிரிக்கலை. கவுத்து நட்டுட்டு வந்து மர்தோ அம்மா முன்னாடி நின்னு சொன்னேன். "பதினஞ்சு வருஷம் முன்னாடி நான் குத்தி மழை வந்துடுச்சு. அதுக்கு இவங்க ஒரு அர்த்தம் வெச்சிருக்காங்க. அதுக்குத்தான் சிரிப்பு. மறைச்சு வெச்சுக் கட்டிக்க இஷ்டமில்லை. இன்னிக்கும் மழை வரலாம். வண்டி வெளியதான் நிக்குது"ன்னேன். கை எரியுது. அந்த அம்மா வானத்தைப் பார்த்தாங்க. தர்சோனோ நட்டு நிக்கற விளக்குமாறைப் பார்த்தாரு. பாயில ஓரமா உக்காந்துட்டேன்.

படம் ஆரம்பிச்சுது. திரையில தலைப்பு வந்துது. சமையல்காரி பானையைத் தூக்கிட்டு வர்ற இடம் வரைக்கும்தான், கொட்டுச்சு!

ஒருத்தரும் எழுந்து போகலை. பாயைத் தலைக்கு மேல பிடிச்சாங்க, வாழை இலையை வெட்டிட்டு வந்தாங்க. திரைக்காரன் இயந்திரத்துக்குக் குடை பிடிக்கறான், படம் ஓடுது. எனக்கு அழுகை அடக்க முடியலை. இருட்டு, மழை, யாருக்குத் தெரியப் போகுதுன்னு கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். மர்தோ அம்மா டக்குனு என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டாங்க. "மிளகாய் தொட்ட கையடி. கண்ணுல வெக்காதே"ன்னு சொல்லி, தன் முந்தானையால துடைச்சுவிட்டாங்க. அப்புறம், "மழைக்காலத்துல மழை வராம வேற என்ன வரும்? இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வானம் பார்க்கத் தெரியாதா?"ன்னு முணுமுணுத்துட்டே படத்தைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

தர்சோனோ எழுந்து போனாரு. போயிட்டாருன்னு நினைச்சேன். முன்னாடி போய் அந்த விளக்குமாறைப் பிடுங்கி, மிளகாயையெல்லாம் உருவிப் போட்டு, நேராப் பிடிச்சுக்கிட்டு வந்து எங்க பாய்க்கு முன்னாடி தேங்கின தண்ணியைப் பெருக்கித் தள்ளினாரு. வெள்ளைச் சட்டை போட்ட குமாஸ்தா, அத்தனை ஜனம் பார்க்க, படம் முடியற வரைக்கும் பெருக்கிட்டே இருந்தாரு.

மறுநாள் விடிஞ்சதும் வகினி வந்தா. இன்னும் எரியுதான்னு கேட்டுட்டு, கொண்டுவந்திருந்த தேங்காய் எண்ணெயை என் விரல் ஒவ்வொண்ணுக்கும் தடவிவிட்டா.

உன்மேல கோபம் போகலை. போகவும் நாளாகும். ஆனா ஒண்ணைச் சொல்லியாகணும், வெக்கமா இருக்கு. படத்துல சமையல்காரி ஊர்த்தலைவர் தலையில பானையைக் கவுக்கற இடத்துல நான் சிரிச்சுட்டேன். சத்தம்போட்டு.

நிச்சயத்துக்கு ரெஜப் இருபத்தஞ்சுன்னு நாள் குறிச்சிருக்காங்க. எனக்குன்னு பேச ஆம்பளை நீ ஒருத்தன்தான். வந்து சேரு. அன்னிக்கும் வானம் கறுத்தா விளக்குமாறை உன் கையிலதான் குடுக்கப் போறேன். முப்பத்தொண்ணு வயசு, கல்யாணமாகலை, தனியா ஜகார்த்தாவுல இருக்கே. நீ மிளகாய் குத்து. அப்புறம் மழை வந்தா இந்த ஊரு உன்னைப் பத்தி என்ன சொல்லுதுன்னு நானும் ஒரு தடவை கேட்டுக்கறேன்.

அக்கா